பழைய யூஸ்நெட் பதிவை ஆய்வேட்டில் சான்று காட்டுவது எப்படி?

பாம்பன்_வாடை:
1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலை மக்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது ஆய்வுப் பொருள். யூஸ்நெட்டில் (இணையத்தின் பழைய பொது விவாதக் குழுக்கள்) 1990-களில் வந்த பதிவுகள் சில உதவும். நெறியாளரோ "இணைய அரட்டை சான்றாகாது" என்கிறார். எழுதியவர்கள் புனைபெயரில் இருக்கிறார்கள். அடிக்குறிப்பில் என்ன போடுவது?

சேதுக்கரை_நூலகம்:
நெறியாளர் சொல்வதில் பாதி சரி தம்பி. அந்தப் புயலில் 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் எப்படி மூழ்கியது என்பதற்கு அந்தப் பதிவு சான்றல்ல. அதற்கு ரயில்வே ஆவணமும் அன்றைய நாளிதழும் வேண்டும். முப்பது வருஷம் கழித்து அதை எப்படிப் பேசினார்கள் என்பதற்கோ அதுவே முதல்நிலைச் சான்று. இந்த வேறுபாட்டை முன்னுரையிலேயே எழுதிவிடுங்கள்.

அடிக்குறிப்பில் பெயர் (புனைபெயரானாலும் உள்ளபடியே), பொருள் வரி, குழு, தேதி, மெசேஜ்-ஐடி, பார்த்த காப்பகம், பார்த்த நாள். இதில் மெசேஜ்-ஐடியை, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளத்தை, மட்டும் விட்டுவிடாதீர்கள். கோண அடைப்புக்குள், நடுவில் @ குறியோடு இருக்கும். எந்தச் சர்வரில் எடுத்தாலும் அதேதான். பழைய யூஸ்நெட் பதிவுகளைக் காட்டும் கூகுள் குரூப்ஸின் இணைப்பு அப்படியில்லை, அது கூகுள் வைத்த முகவரி. 2024 பிப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் பதிவுகளை அவர்கள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் பல குழுக்கள் எம்பாக்ஸ் கோப்பாக (பல மடல்களை ஒன்றாகச் சேர்த்த உரைக் கோப்பு) கிடைக்கின்றன. சுருக்கிய கோப்பைப் பிரித்து நோட்பேடில் திறந்தாலே முழுத் தலைப்பும் (அனுப்பியவர், தேதி, மெசேஜ்-ஐடி முதலிய வரிகள்) தெரியும்.

தொண்டி_கரைவலை:
தேதியில் கவனம். தலைப்பில் 22 டிசம்பர் 23:40 -0800 (உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்) என்றிருந்தால் நமக்கு அது 23-ஆம் தேதி பகல் 1:10. புயலின் நினைவு நாளை ஒட்டி எழுதியதா என்று பார்க்கும்போது இந்த ஒரு நாள் உதைக்கும். உள்ளபடியே எழுதி, நேர வித்தியாசத்தையும் சேருங்கள்.

இன்னொன்று, > குறியோடு தொடங்கும் வரிகள் முந்தையவர் எழுதியவை. அதைக் கவனிக்காமல் ஒருவர் பேச்சை இன்னொருவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். காப்பகத்தில் சேர்க்காதே என்று குறியிட்டு அனுப்பிய பதிவுகளும் உண்டு. அவற்றின் துண்டுகள் இந்த > வரிகளில் மட்டும் மிஞ்சியிருக்கும். அப்போது "இன்னாரின் மறுமொழியில் மேற்கோளாக" என்றே குறிப்பிட வேண்டும்.

பாம்பன்_வாடை:
நன்றி ஐயா. திஸ்கியில் (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியாக்கம்) எழுதியது வெறும் கிறுக்கலாகத் தெரிகிறதே? யாஹூ குழும மடல்களும் சில இருக்கின்றன.

சேதுக்கரை_நூலகம்:
யூனிகோடுக்கு மாற்றியதை மேற்கோளில் போடுங்கள், "திஸ்கியிலிருந்து மாற்றியது" என்ற குறிப்போடு. மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள்.

யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15-ல் முழுசாக மூடப்பட்டன, இணைப்பு கொடுத்துப் பயனில்லை. உங்களிடம் உள்ள மடலைத் தலைப்போடு பின்னிணைப்பாகச் சேருங்கள். உறுப்பினர் மட்டும் படித்த குழுமமென்றால் எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் பெயரை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்லலாம். சொல்லுக்குச் சொல் போட்டால், அதே மடல் வேறெங்காவது இருக்கும்போது தேடுபொறியில் ஆள் அகப்பட்டுவிடுவார்.