சிலிங்குக்குள் அணில் குட்டிகள், வயர் கடிபடுகிறது, உதவி தேவை

ஹட்டன் பக்கம் தோட்டத்து லயம், தகரக் கூரை, கீழே பலகைச் சிலிங். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு அணில் கூடு கட்டிவிட்டது. முதுகில் மூன்று கோடு உள்ள சாதாரண அணில்தான். இஸ்தோப்பில் கிடந்த கால்மிதியின் தும்பு, சாக்கு நூல், தலையணைப் பஞ்சு, காய்ந்த புல் என்று கிடைத்ததையெல்லாம் கவ்விக்கொண்டுபோய் உருண்டையாகச் சுற்றி வைத்திருக்கிறது. பலகையைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தோம், உள்ளே கண் திறக்காத குட்டிகள். சேர்த்துவைத்த தீனி எதுவும் இல்லை, அதனால் சாப்பாட்டுக்காக வரவில்லை.

பிரச்சினை வயர்தான். கூட்டை ஒட்டிப் போகும் வயரின் உறை கடிபட்டுச் செம்பு தெரிகிறது, மழை என்றால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். அந்த லைனைக் கழற்றிவிட்டோம், பிள்ளை படிக்கிற அறை இப்போது இருட்டு.

பூச்சி உருண்டை வைத்தோம், மிளகாய்த்தூள் தூவினோம், ரேடியோவைச் சத்தமாகப் போட்டுப் பார்த்தோம், அசையவில்லை. கொய்யா மரத்தில் தும்பு போட்ட மரப்பெட்டி கட்டினோம், அதையும் எட்டிப் பார்க்கவில்லை. தாய் வெளியே போனதும் ஓட்டையை அடைக்கச் சொல்கிறார்கள், குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும், அதை மட்டும் செய்ய மாட்டேன். பால்குடி மறக்கச் சுமார் 10 கிழமை ஆகுமாம், அதற்குள் தென்மேல் பருவமழை பிடித்துவிடும்.

குட்டிகளைக் கூட்டோடு தூக்கி அந்தப் பெட்டியில் வைத்தால் தாய் அங்கே வந்து பால் கொடுக்குமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.