ஹார்ட்டில்பூலில் நிற்கும் 'ட்ரிங்கோமலி' கப்பலைக் கட்டியவர் எஞ்சினியரா, தச்சரா?

திருமலையான்:
நான் திருகோணமலையில் பிறந்தவன், இப்போது இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கிறேன். போன கிழமை மகனை ஹார்ட்டில்பூலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊர்ப் பெயரை வைத்த பழைய போர்க்கப்பல் ஒன்று அங்கே தண்ணீரில் நிற்கிறது. முகப்பில் தலைப்பாகை கட்டின ஆளின் சிலை. 1817-இல் பம்பாயில் கட்டினதாம், கட்டினவர் ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக்காரர். மகன் கேட்டான், "அவர் எஞ்சினியரா, தச்சரா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஒருவர் தலைமைக் கப்பல் தச்சராக எப்படி வந்தார்? கப்பலை வரைந்ததும் அவர்தானா?

ஓடாவி மகன்:
தச்சர்தான் தம்பி. அதுவும் அடிமட்டத்திலிருந்து வந்தவர். இவருடைய தாத்தா லவ்ஜி நசர்வான்ஜி சூரத்தில் கப்பல் கட்டிக்கொண்டிருந்தவர், 1736-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பேசி பம்பாய்க்கு அழைத்து வந்தார்கள். தலைமைக் கட்டுநர் ஆன பிறகும் அவர் பேரன்களை நேராக மேலே உட்காரவைக்கவில்லை. ஜம்சேத்ஜியும் அவருடைய பெரியப்பா பையன் பிராம்ஜியும் மாதம் 12 ரூபாய்க்குச் சாதாரணத் தச்சர்களாக உளி பிடித்தார்கள். தாத்தாவின் கண்டிப்பு அது. 1792-இல்தான் இருவரும் சேர்ந்து தலைமைப் பொறுப்புக்கு வந்தார்கள்.

வரைந்தது அவர் இல்லை. பிரிட்டிஷ் கடற்படையின் வரைபடம் லண்டனிலிருந்துதான் வரும். உங்கள் கப்பலின் வரைபடம் முதல் முறை வந்து சேரவே இல்லை. அதைக் கொண்டுவந்த பிரிட்டிஷ் கப்பல் 'ஜாவா'வை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் 'கான்ஸ்டிடியூஷன்' அடித்து நொறுக்கிவிட்டது. மறுபடி அனுப்பி, 1816-இல் ஏராக்கட்டை, அதாவது கப்பலின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை, போட்டார்கள். அதில் ஜம்சேத்ஜி வெள்ளி ஆணி ஒன்றை அறைந்தார், பார்சிகளின் வழக்கம்.

அப்படியென்றால் இவர் செய்தது என்ன என்று உங்கள் மகன் கேட்பான். எங்கள் அப்பா கடலூரில் ஓடாவி, அதாவது தோணி கட்டும் தச்சர். பஸ்ஸில் போகும்போதுகூடச் சாலையோரக் கருவேல மரத்தைப் பார்த்து, "அந்தக் கிளை வங்குக்கு ஆகும்" என்பார். வங்கு என்றால் கப்பலின் விலா எலும்பு. நேரான பலகையை வளைவாக அறுத்தால் மரத்தின் நார் ஓடும் ரேகை வெட்டுப்படும், அந்த இடத்தில் உடையும். தானாகவே வளைந்து வளர்ந்த மரம்தான் வேண்டும். இத்தனைக்கும் அப்பா கட்டியது சின்னத் தோணிகள். 74 பீரங்கி தாங்கும் பெரிய போர்க்கப்பலுக்கு அப்படி எத்தனை வளைவு தேட வேண்டும், யோசித்துப் பாருங்கள்! காகிதத்தில் இருக்கும் கோட்டுக்குப் பொருத்தமான மரத்தை மலபார்த் தேக்குக் குவியலில் கண்டுபிடிப்பது, ஒவ்வொரு மூட்டும் தண்ணீர் விடாமல் உட்காரவைப்பது, அப்புறம் நூற்றுக்கணக்கான ஆட்களை மேய்ப்பது. அதுதான் வேலை.

தேக்கில் எண்ணெய் உண்டு, இரும்பு ஆணி சீக்கிரம் கெடாது. ஓக் மரத்தின் துவர்ப்பு ஆணியைத் தின்றுவிடும்.

1810-இல் இவர் இறக்கிய 'மிண்டன்' 74 பீரங்கிப் போர்க்கப்பல். ஜம்சேத்ஜியை வரைந்த ஓவியம் ஒன்று லண்டன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையில் மிண்டனின் வரைபடமும் கவராயமும், இடுப்புத் துணியில் கம்பெனி பரிசாகக் கொடுத்த வெள்ளி அளவுகோல். அடுத்த முறை மகனை அங்கேயும் கூட்டிப் போங்கள். தொப்பி, அங்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த அளவுகோலைத் தேடச் சொல்லுங்கள்.

பழைய துறைமுகம்:
ஐயா சொன்னதோடு ஒன்று. ட்ரிங்கோமலி முடிவதற்குள் நெப்போலியனோடு போரே முடிந்துவிட்டது. 1819-இல் போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்து, கூரை போட்டுச் சும்மா கட்டிவைக்கப்பட்டது. முதல் பணிக்குப் போனது 1847-இல். ஜம்சேத்ஜி 1821-இலேயே இறந்துவிட்டார். அவருடைய பேரன் ஜஹாங்கீர் நவ்ரோஜி 1838-இல் இங்கிலாந்து போய்க் கப்பல் கட்டும் தொழில் படித்தார். அப்போது பேச்சு முழுக்க நீராவிக் கப்பல் பற்றித்தான்.

திருமலையான்:
மிக்க நன்றி ஐயா. மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வெள்ளி ஆணியைப் பார்க்க முடியுமா என்கிறான்.

ஓடாவி மகன்:
ஏராக்கட்டை தண்ணீருக்கு அடியில் அல்லவா! முடியாது என்றுதான் நினைக்கிறேன். கீழ்த்தளத்துக்கு இறங்கினால் வங்குகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரேகை வளைவோடு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதட்டும்.