வீட்டுக் குழுவில் வந்து விழுந்த ஒரு ஃபார்வர்டு

குழு: தங்கச்சிமடம் வீடு
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அத்தை, 1:05
(பல முறை ஃபார்வர்டு ஆனது)
உஷார் தமிழா! போட்டில் வந்து இறங்கியவனுக்கு வீடு, அரிசி, பணம் எல்லாம் இலவசம். கடலில் சாகும் நம் மீனவனுக்கு என்ன கிடைத்தது? பத்து பேருக்கு அனுப்பு!

அத்தை, 1:06
நியாயமாகத்தானே கேட்டிருக்கிறான்

லண்டன் அண்ணன், 1:11
அத்தை, நேற்று இதையே இங்கே நடுரோட்டில் மற்றவர்கள் கத்தக் காதால் கேட்டுவிட்டு வந்தேன். ‘தமிழா’ மட்டும்தான் இல்லை.

அம்மா, 1:12
நேற்று டியூட்டி என்றாயே. எங்கே போனாய்?

லண்டன் அண்ணன், 1:16
டியூட்டி முடிந்துதான் போனேன்மா. வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்களை எதிர்க்கும் டாமி ராபின்சன் ஆட்களின் ஊர்வலம். போலீஸ் கணக்குப்படியே ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் குறையாது, ஒன்றரை லட்சம் வரைகூட இருக்கலாமாம். எலான் மஸ்க் வேறு வீடியோவில் வந்து பேசினார். எதிர்த்து நின்ற எங்கள் பக்கம் ஐயாயிரம் பேர்தான். நடுவில் போலீஸ் வரிசை. போலீஸ்காரர்களிலேயே 26 பேருக்குக் காயம்.

அம்மா, 1:17
ஐயாயிரத்தில் நீ ஒருத்தன் போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்

லண்டன் அண்ணன், 1:17
4999 ஆகிவிடும்

நான், 1:18
😂 அம்மா போனை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்

லண்டன் அண்ணன், 1:23
சிரிக்காதே. அங்கே பாதித் தட்டிகளில் ‘படகுகளை நிறுத்து’தான். பிரான்சிலிருந்து ரப்பர் போட்டில் வருகிறவர்கள் மேல்தான் அவ்வளவு ஆத்திரமும். டோவருக்கும் கலேவுக்கும் நடுவே கடல் 33 கிலோமீட்டர்.

பாம்பன் சித்தப்பா, 1:25
தனுஷ்கோடி - தலைமன்னார் அதைவிடக் கொஞ்சம் குறைச்சல்

லண்டன் அண்ணன், 1:31
போன வருஷம் ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றான். அன்றைக்கே ‘போட்டில் வந்த முஸ்லிம்’ என்று போனில் பரப்பிவிட்டார்கள். அவன் கார்டிஃபில் பிறந்தவன். போலீஸ் அதைச் சொல்லியும் மறுநாள் பள்ளிவாசல் மேல் கல் விழுந்தது. சில நாளில் ராதர்ஹாமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு ஆள் உள்ளே இருக்கும்போதே தீ வைக்கப் பார்த்தார்கள். அந்தச் செய்தியையும் யாரோ ‘நியாயமாகத்தானே கேட்டிருக்கிறான்’ என்றுதான் அனுப்பியிருப்பார்கள் அத்தை.

அத்தை, 1:33
நான் என்ன தீயா வைத்தேன்? வந்ததை அனுப்பினேன்

மண்டபம் அண்ணி, 1:40
சின்னம்மா, நான் மண்டபம் இலங்கை அகதி முகாமில்தான் பிறந்தேன். ‘எல்லாம் இலவசம்’ எவ்வளவு என்று சொல்கிறேன். 2021இல் கூட்டிய பிறகுதான் குடும்பத் தலைவருக்கு மாதம் 1500, மற்றப் பெரியவர்களுக்கு 1000, பிள்ளைகளுக்கு 500. நாங்கள் ஐந்து பேர் வளர்ந்தது பத்துக்குப் பத்து அறையில். அதிகாரிகள் ஆள் எண்ணும் செக்கிங் அன்று ஆள் இல்லை என்றால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அப்பா பெயின்ட் அடிக்கப் போனால் செக்கிங் தேதியைப் பார்த்துத்தான் வேலையே ஒத்துக்கொள்வார்.

அத்தை, 1:41
ஐயோ உன்னையா சொன்னேன் தாயி? நீ நம்ம வீட்டுப் பிள்ளை

மண்டபம் அண்ணி, 1:43
அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான் சின்னம்மா. என் தம்பி இங்கேயே பிறந்து இங்கேயே இன்ஜினியரிங் முடித்தான். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவனுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கணும். இல்லாததால் அரசு வேலைக்கு மனுப் போடவே வழியில்லை.

பெரியப்பா, 1:49
🎤 குரல் செய்தி 3:12

நான், 1:56
பூசை முடிந்து இன்னும் கோயில் வாசலில் நிற்பவர்களுக்காகப் பெரியப்பா சொன்னதைத் தட்டுகிறேன். (கார்ல் மார்க்ஸ் பகுதியை விட்டுவிட்டேன், அவரே பிறகு சொல்வார்.)
மண்டபம் முகாம் வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தடுத்து வைத்துச் சோதித்துக் கப்பல் ஏற்றிய இடம். அப்படிப் போனவர்களின் பிள்ளைகளை, 1948இல் இலங்கைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. ஏழு லட்சம் பேர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களும் அதே மண்டபத்தில்தான் இறங்கினார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடு, ஆறு மதம் எழுதினார்களே, அதில் இலங்கை இல்லை. ‘இந்து, இந்து’ என்கிறவர்களுக்கு முகாமில் இருக்கும் இந்துகூடக் கண்ணில் படவில்லை.

பாம்பன் சித்தப்பா, 2:02
எல்லாம் சரி அண்ணே. என் போட்டை இலங்கை நேவிக்காரன் பிடித்துக்கொண்டு போய் அந்தக் கரையில் மக்கவிட்டிருக்கிறான். அதற்கு லண்டனில் யார் கொடி பிடித்தான்? சிவப்புத் துண்டு போட்டவர்களும் ஒரு நாள் ஆர்ப்பாட்டத்தோடு போய்விட்டீர்கள்

பெரியப்பா, 2:05
போட்டைப் பிடித்தவன் துப்பாக்கி வைத்திருப்பவன். முகாமில் இருப்பவன் அந்தத் துப்பாக்கிக்குப் பயந்து ஓடிவந்தவன். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டாதே

மண்டபம் அண்ணி, 2:07
சித்தப்பா, மன்னாரில் என் மாமா சின்ன போட்டுக்காரர். அவர் வலையை அறுப்பது நம்மூர் விசைப்படகு இழுவைமடி, கடலடியையே வாரும் வலை. அங்கே 2017இல் இழுவைமடிக்குத் தடையே போட்டாயிற்று

பாம்பன் சித்தப்பா, 2:08
அதை ஆரம்பித்தால் ராத்திரி ஆகிவிடும். விடு

லண்டன் அண்ணன், 2:15
சித்தப்பாவுக்கு ஒன்று. இங்கே கேபிள் தெரு என்று இருக்கிறது, சுவர் முழுக்கப் படம் வரைந்திருக்கிறார்கள். 1936 அக்டோபர் 4 அன்று பாசிஸ்ட் தலைவன் மோஸ்லியின் கருஞ்சட்டைக்காரர்கள் யூதர்கள் வாழும் பகுதி வழியாக ஊர்வலம் போக வந்தார்கள். யூதத் தையல்காரர்களும் ஐரிஷ் துறைமுகக் கூலிகளும் சேர்ந்து ரோட்டை மறித்தார்கள். போலீஸ் குதிரைக் காலடியில் கோலிக்குண்டை உருட்டிவிட்டார்களாம். மாடியிலிருந்து பெண்கள் கையில் கிடைத்த குப்பையை எல்லாம் கொட்டியிருக்கிறார்கள். ஊர்வலம் திரும்பிப் போனது. அதற்கு முன்னால் அந்த இரண்டு கூட்டமும் ஒன்றும் சொந்தபந்தம் கிடையாது.

அம்மா, 2:17
குதிரை என்ன பாவம் செய்தது

பெரியப்பா, 2:22
வருகிற ஞாயிறு 21ஆம் தேதி, ஐ.நா. சொன்ன உலக அமைதி நாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தெருமுனைக் கூட்டம். போர் வேண்டாம், இனவெறி வேண்டாம். காசாவைப் பற்றிப் பேசுவேன், ஆனால் மீன்பிடிப்பில் தொடங்கி. ஓஸ்லோ ஒப்பந்தத்தில் காசா மீனவர்களுக்கு 20 கடல் மைல் என்று எழுதியிருந்தது. அதை இஸ்ரேல்காரர்கள் 6, 3 என்று சுருக்கிக்கொண்டே வந்து, தாண்டினால் சுட்டார்கள். எல்லை, சூடு, போட்டு பறிமுதல். இதை நம்மூர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை

பாம்பன் சித்தப்பா, 2:26
நோட்டீஸில் சிறையில் கிடக்கும் நம் மீனவர் விடுதலை வரணும். அது இல்லாமல் காசா, லண்டன் என்று மட்டும் பேசினால் நான் வரமாட்டேன்

பெரியப்பா, 2:27
முதல் கோரிக்கையே அதுதான். இரண்டாவது, முகாம் மக்களுக்குக் குடியுரிமை. இரண்டும் ஒரே தட்டியில். சம்மதமா?

பாம்பன் சித்தப்பா, 2:34
எழுதிக்கொள். ஆனால் முகாம்காரர்களை மேடையில் ஏற்றாதே, கியூ பிராஞ்ச் உளவுப் போலீஸ் வந்து கேள்வி கேட்டால் கஷ்டப்படுவது அவர்கள்தான்

மண்டபம் அண்ணி, 2:35
அது உண்மை. நான் கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன்

அத்தை, 2:41
கூட்டத்தைப் பூசை நேரத்தில் வைக்காதே. அப்புறம் அந்த 1500, 1000 கணக்கைத் தனியாக எழுதி அனுப்பு தாயி. சர்ச் அன்பியக் குழுவிலும் இதே மெசேஜ் ஓடுகிறது, கேட்டால் சொல்ல வேண்டுமே

மண்டபம் அண்ணி, 2:42
இதோ சின்னம்மா

பெரியப்பா, 2:44
மாலை 5 மணி. மைக்குக்கு மனு நாளைக் காலை கொடுத்துவிடுவேன். தட்டி எழுத்து உன் வேலை, பெரிய எழுத்தாக, எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியணும்

நான், 2:45
நான் இரண்டு மூன்று டிசைன் அனுப்புகிறேன் பெரியப்பா. இந்தத் தடவை சுத்தியல் படம் வேண்டாம், போட்டு போடலாம்

பெரியப்பா, 2:46
இரண்டும் போடு

பாம்பன் சித்தப்பா, 2:50
கரண்டுக்கு எனக்குத் தெரிந்த கடையில் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரை மட்டும் ஐஸ் கம்பெனிப் பக்கம் திருப்பாதீர்கள், போன தடவை அவனோடு பெரிய சண்டையாகிவிட்டது