லாகோஸ், ஜோகன்னஸ்பர்க்: வேலைக்கு ஆள் அனுப்பியவர்களும் போய்வந்தவர்களும்

கோவை, பம்ப் கம்பெனியில் பயண ஏற்பாடு பார்ப்பவர்:

நைஜீரியாவுக்கு ஆள் அனுப்பப் போகிறோம், துப்பாக்கியோடு ரெண்டு பேரைக் காவலுக்குப் பிடித்துவிட்டால் போதுமா என்று ஒரு தம்பி போன வாரம் என்னிடம் கேட்டார். ஏழு வருஷமாக லாகோஸுக்கு எஞ்சினியர்களை அனுப்புகிறேன். துப்பாக்கியை நான் கடைசியில்தான் யோசிப்பேன். முதலில் டிரைவர்.

நான் அனுப்பிய முதல் ஆள் இகேஜாவில் முர்தலா முகமது விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்தார். கம்பெனி பெயரும் அவர் பெயரும் எழுதிய அட்டையோடு ஒருத்தர் நின்றிருந்தார். பெட்டியைக்கூடக் கையில் வாங்கிவிட்டார். எங்கள் ஆள் போன் போட்டு, "சார், வண்டிக்காரர் வந்துட்டாரு" என்றார். அடுத்த நிமிஷமே நாங்கள் ஏற்பாடு செய்த டிரைவரின் மெசேஜ்: "இன்னும் உங்க ஆள் வரலையே." அவர் பிடித்திருந்த அட்டையைப் பார்த்து யாரோ அப்படியே எழுதிக்கொண்டு முன்னால் போய் நின்றிருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. "பெட்டி போனாப் போகட்டும், ஆள் கூட்டம் இருக்கிற பக்கமா திரும்பி நடங்க" என்று கத்தினேன். பெட்டியும் தப்பியது, அது அவருடைய நல்ல நேரம்.

அன்றிலிருந்து எங்கள் அட்டையில் ஆள் பெயரும் கிடையாது, கம்பெனி பெயரும் கிடையாது. "மயில்" மாதிரி ஏதோ ஒரு சொல். அன்று காலை நான் எஞ்சினியருக்கும் டிரைவருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒரே எண்ணை டிரைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரைவரின் போட்டோவும் வண்டி நம்பரும் முந்தின நாளே போனில் வந்துவிடும்.

அடுத்து, நேரம். விக்டோரியா ஐலண்டில் ஹோட்டல் என்றால் வழக்கமாகத் தேர்டு மெயின்லாண்ட் பாலம் வழியாகத்தான் போவார்கள், கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். அங்கே நெரிசலுக்கு 'கோ-ஸ்லோ' என்று பெயர். இருட்டிய பிறகு அதில் மாட்டி நிற்கிற வண்டியை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. டிக்கெட் விலை கூடினாலும் பகலில் இறங்கும் விமானம்தான் போடுவேன். அக்கவுண்ட்ஸில் இதற்காக எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேனோ!

துப்பாக்கி விஷயம்: அங்கே தனியார் செக்யூரிட்டி கம்பெனி ஆட்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அதனால் 'மோபோல்' என்கிற மொபைல் போலீஸைத்தான் எல்லோரும் காவலுக்கு எடுத்துவந்தார்கள். 2025 நவம்பரில் ஜனாதிபதி டினுபு, வி.ஐ.பி. காவலுக்குப் போன போலீஸைத் திரும்பக் கூப்பிட்டு, ஆயுதக் காவல் வேண்டுபவர்கள் அரசின் சிவில் டிஃபென்ஸ் படையிடம் கேட்கட்டும் என்று உத்தரவிட்டார். பழைய ஏஜென்ட் பழைய மாதிரியே விலை சொன்னால், வரப்போவது எந்தப் படை, யார் அனுமதி என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஜோகன்னஸ்பர்க் போய்வந்த சர்வீஸ் எஞ்சினியர்:

எனக்குக் காவல் எல்லாம் கொடுக்கவில்லை அண்ணா, ஒரு டிரைவர் மட்டும்தான். ஆனால் அந்த மனுஷர் சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை மறக்கவில்லை. அங்கே டிராபிக் சிக்னலுக்கு 'ரோபாட்' என்பார்கள். ரோபாட்டில் வண்டி நின்றதும் கண்ணாடியை உடைத்து சீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். லேப்டாப்பை டிக்கியில் வைக்கச் சொன்னார், அதுவும் ஹோட்டல் வளாகத்துக்குள்ளேயே டிக்கியில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். போய் இறங்கும் இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்தால், பார்க்கிறவன் பார்த்துவிடுவான்.

ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்திலிருந்தே வண்டியைப் பின்தொடர்ந்து வந்து, வாசலில் கேட் திறக்கும் நேரத்தில் மடக்குவதும் உண்டு. அதனால் ஹோட்டலுக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டார். இரண்டாம் முறை போனபோது ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டன் பகுதி வரைக்கும் கௌட்ரெய்னிலேயே போய்விட்டேன். 2010 உலகக் கோப்பைக்குக் கொஞ்சம் முன்னால் திறந்த ரயில், கால் மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம்.

ஒன்று கேட்க வேண்டும். ஆளைக் கடத்தினால் அதற்கென்று இன்சூரன்ஸ் இருக்கிறதாமே? கேட்டால் எங்கள் ஆபீஸில் யாரும் வாயே திறப்பதில்லை.

மறுபடி கோவைக்காரர்:

வாய் திறக்கக் கூடாது தம்பி. அந்த மாதிரி பாலிசியில் அதுதான் வழக்கமான நிபந்தனை. இருப்பது வெளியே தெரிந்தால் கடத்துகிறவன் கேட்கும் தொகை ஏறும், பாலிசியும் செல்லாமல் போகலாம். போகிறவருக்கே சொல்ல மாட்டார்கள். ஒரு எஞ்சினியரின் மனைவி போனில் அழுதுகொண்டே இதே கேள்வியைக் கேட்டபோது, "நான் இருபத்துநாலு மணி நேரமும் போனை எடுப்பேம்மா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

இன்னொன்று செய்கிறோம். போகிறவர் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் மூன்று கேள்வியும் பதிலும் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார். அவருக்கு மட்டுமே தெரிந்த பதிலாக இருக்க வேண்டும். அவரைக் கடத்திவிட்டு, உயிரோடு இருக்கிறார் என்று யாராவது சொன்னால், அந்தக் கேள்விகளைக் கேட்டு உறுதி செய்யத்தான். அந்த உறை என் பீரோவில் இருக்கும். ஊருக்கு வந்த அன்றே பிரிக்காமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். போன மாதம் ஒருத்தர் வாங்கி, என் முன்னாலேயே பிரித்து, முதல் கேள்வியைக் காட்டினார்: "எங்க ஆத்தா என்னை எப்படிக் கூப்பிடும்?"