4294967297ஐ ஓ/எல் (சாதாரண தர) பிள்ளைகளுக்கு விளக்குவது எப்படி?

வணக்கம். ஹட்டனில் தரம் 11க்கு கணித டியூஷன் எடுக்கிறேன். 2இன் 32ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டினால் 4294967297. கணித அறிஞர் பெர்மா இதை முதன்மை எண் என்றே நம்பினார். 1732இல் இன்னொரு கணித அறிஞர் ஒயிலர் 641 × 6700417 என்று பிரித்துப் போட்டுவிட்டார். பெருக்கலைப் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்த்துவிட்டார்கள். "சரி சேர், 6700417 முதன்மை எண்தானா?" என்று கடைசி வாங்குப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி!

6700417இன் முதன்மைக் காரணிகளை 128ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரை அப்படி மீதி 1 தரும் முதன்மை எண்களான 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தைச் சோதித்தால் போதும். அந்த 128 எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் வழி தெரியவில்லை. மொடியூலோ கணக்கெல்லாம் (மீதிகளைக் குறியீட்டில் எழுதிச் செய்யும் கணக்கு) அவர்கள் படித்ததில்லை. சாதாரண வகுத்தல் மீதிகளை மட்டும் வைத்து விளக்க முடியுமா? தாளில் எழுதிப் படம் எடுத்துப் போட்டாலும் சரி. திங்கட்கிழமை வகுப்பு.