புதுப்பிப்பு: தண்ணீருக்கு வந்த பன்றிக் காய்ச்சல்

போன வாரம் புலம்பியிருந்தேனே: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு (பன்றிகளைத் தாக்கும் வைரஸ் நோய், ஸ்வைன் ஃப்ளூ அல்ல) நாங்கள் உருவாக்கும் பிசிஆர் சோதனையில் (வைரஸின் மரபணுவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கிக் கண்டுபிடிப்பது), வெறும் தண்ணீர் வைத்த குழாயும் 36வது சுழற்சியில் பாசிட்டிவ் காட்டுகிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது. ப்ரைமரில் (வைரஸ் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) தப்பில்லை. அந்த வைரஸின் பி72 மரபணுத் துண்டு உள்ள பிளாஸ்மிட்டை (வளைய வடிவ டிஎன்ஏ), மாதிரி கலக்கும் அதே மேசையில், அதே பிபெட்டால் (திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் கருவி) கரைத்திருக்கிறோம்; அதுதான் தண்ணீரிலும் கலந்திருக்கிறது. (நான்தான், வேறு யார்!) இப்போது அதற்குத் தனி அறை, தனி பிபெட், வடிகட்டி வைத்த பிபெட் முனை (டிப்). தண்ணீர் 40 சுழற்சி வரை வாய் திறக்கவில்லை.

அப்புறம், ரத்த மாதிரி ஓடவில்லை என்றவருக்கு: ரத்தத்தில் உள்ள ஹீம் (அதற்குச் சிவப்பு நிறம் தரும் பொருள்) பிசிஆர் வினையைத் தடுக்கும். பத்து மடங்கு நீர்க்க வைத்து ஓட்டிப் பாருங்கள்.

“சிங்கப்பூரில் பன்றிப் பண்ணையே இல்லையே, எதற்கு இது?” என்ற அண்ணனுக்கு: 2023 ஏப்ரலில் இந்தோனேசியாவின் புலாவ் பூலான் தீவிலிருந்து வந்த பன்றிகளில் இந்த வைரஸ் பிடிபட்டது இங்குள்ள அறுப்புக்கூடத்தில்தான்.