டிரங்கிங் வயர்லெஸ்: தண்டுவழியா, பகிர்தடமா, சுழல்தடமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஊரில் இல்லாததால் இந்த இழையை இன்றுதான் மொத்தமாகப் படித்தேன். ‘டிரங்க்டு ரேடியோ’வுக்கு, அதாவது சில சேனல்களை (தடங்களை) எல்லோருக்கும் பொதுவாக வைத்து, கேட்கிறவருக்குக் காலியானதை எடுத்துக் கொடுக்கும் டிரங்கிங் வயர்லெஸுக்கு, தமிழில் என்ன சொல்வது என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தண்டுவழி வானொலி ஒரு பக்கம், பகிர்தடம் ஒரு பக்கம், நடுவில் ‘டிரங்க் என்றே எழுதித் தொலையுங்களேன்’ என்று அலுத்துக்கொண்ட நண்பர் ஒருவர். கேட்டவன் நான் என்பதால், ஏன் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு துறைமுகத்தில் வயர்லெஸ் செட் பழுதுபார்த்தவன் நான். இப்போது டெட்ரா (டிரங்கிங் வயர்லெஸில் ஒரு வகை) செட்டைக் கையில் வாங்கப்போகிற காவல், தீயணைப்புப் பணியாளர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர் பொறியாளர் இல்லை. நள்ளிரவில், மழையில், கையுறை போட்ட விரலால் பொத்தானை அமுக்கப்போகிறவர். சொல் அவருக்குக் கைகொடுக்க வேண்டும். நமக்கு அழகாக இருப்பது அப்புறம்தான்.

முதலில் தண்டுவழி.

> டிரங்க் என்றால் அடிமரம், தண்டு. எனவே தண்டுவழி என்பதே நேரான ஆக்கம்.

நேரான ஆக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலக்காரர் அந்தச் சொல்லை வாயில் எடுக்கும்போது அதில் மரமும் இல்லை, கிளையும் இல்லை. தொலைபேசிக்காரர்கள் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் பெரிய லைனுக்கு வைத்த பெயர் அது. அங்கிருந்து வயர்லெஸுக்கு வந்தது. நாம் மறுபடி மரத்துக்குப் போய்த் தண்டை வெட்டிக்கொண்டு வருவானேன்?

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு டிரங்க் கால் நினைவிருக்கும். தபால் ஆபீசில் எண்ணைச் சொல்லிப் பதிந்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். இரண்டு ஊர்களுக்கு நடுவே இருப்பதோ சில லைன்கள். அவை எந்த வீட்டுக்கும் எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. எது காலியோ அதை எக்ஸ்சேஞ்சில் இருக்கும் அம்மா எடுத்து நமக்குக் கொடுப்பார். பேசி முடித்ததும் அதே லைன் அடுத்தவருக்குப் போகும். கூடக் காசு கொடுத்தால் அர்ஜென்ட், இன்னும் கொடுத்தால் லைட்னிங். லைட்னிங் கால் வந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். டிரங்கிங் வயர்லெஸும் அச்சு அசலாக இதேதான். எக்ஸ்சேஞ்ச் அம்மா செய்ததை ஒரு கணினி அரை நொடிக்குள் செய்துவிடுகிறது, அவ்வளவே.

ஆகவே டிரங்க் என்றே விடலாம் என்ற நண்பரின் பக்கமும் நியாயம் உண்டு. என் வயதுக்காரர் என்றால் ஒரே வரியில் புரியவைத்துவிடுவேன். கையேடு படிக்கப்போகிறவருக்கு வயது இருபத்தைந்து. டிரங்க் என்றால் அவருக்குப் பரணில் கிடக்கும் பாட்டியின் தகரப் பெட்டிதான் கண்ணில் நிற்கும்.

அடுத்து, நிறைய பேர் கைதூக்கிய பகிர்தடம். இதில்தான் எனக்கு உண்மையான முரண்பாடு. பகிர்தடம் என்றால் ஒரே தடத்தைப் பலர் பங்குபோட்டுக்கொள்வது என்றுதான் பொருள்படும். அது இந்தப் புதிய ஏற்பாட்டின் பெயரில்லை. எதிலிருந்து தப்பிக்க இது வந்ததோ, அந்தப் பழைய ஏற்பாட்டின் பெயர்.

எங்கள் துறைமுகத்தில் தொடக்கத்தில் கிரேன், லாரி, காவல், தீயணைப்பு எல்லோருக்கும் சேர்த்து ஒரே சேனல். ஒரு பிற்பகல் கிரேன்காரர் ஒருவர் இருக்கையில் கிடந்த மைக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கீ அமுங்கியபடி நின்றுபோனது. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் தன் மச்சினன் வாங்கிய கடனைப் பற்றி விலாவாரியாகப் பேசியதைத் துறைமுகமே கேட்டது. ‘மைக் ஒட்டிக்கிச்சு, எடுங்கப்பா’ என்று சொல்லலாம் என்றால், சேனல்தான் அவருக்கு அடியில் இருக்கிறதே! கடைசியில் ஒரு பையன் சைக்கிளில் போய், ஒவ்வொரு கிரேனாக ஏறிப் பார்த்து மைக்கை மீட்டான். வட்டி விகிதம் வரை எங்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. சிரித்தோம். தீப்பிடித்த நாளாக இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம்.

அப்புறம் ஆளுக்கொரு சேனலாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அது வேறு விதமான தொல்லை. லாரிக்காரர்கள் சேனலில் எப்போதும் நெரிசல். தீயணைப்புச் சேனலோ நாள்கணக்கில் வாய் திறக்காது. காலியாகக் கிடப்பதை நெரிசல்காரருக்குக் கொடுக்க வழியில்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கு சொல்ல வேண்டும், பொறுத்தருள்க. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க் கணிதர் 1917இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நூறு அழைப்பில் ஒன்றுக்குமேல் ‘பிஸி’ என்று திரும்பக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குழுக்களுக்கு ஐந்து சேனல் என்று தனித்தனியே கொடுத்தால், ஒரு சேனல் மணிக்குச் சுமார் 36 நொடிப் பேச்சைத்தான் தாங்கும். ஐந்துக்கும் சேர்த்து 3 நிமிடம். அதே ஐந்தையும் ஒரே கையிருப்பாக வைத்து, கேட்கிறவருக்குக் காலியானதை எடுத்துக் கொடுத்தால் மணிக்குச் சுமார் 81 நிமிடப் பேச்சு ஓடும். சேனல் ஒன்றுகூடக் கூடவில்லை. கொடுக்கிற விதம்தான் மாறியது. (அழைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரும் என்பது கணக்கின் எடுகோள். பெரிய விபத்தன்று எல்லோரும் ஒரே சமயத்தில் அமுக்குவார்கள். அப்போது இந்த எண் நிற்காது.)

ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் பங்கு இருக்கக் கூடாது. ‘எடு, பேசு, திருப்பிக் கொடு’ என்பது இருக்க வேண்டும்.

நான் முதலில் யோசித்தது திரள்தடம். தடங்கள் திரண்டு கிடக்கின்றன, வேண்டியபோது எடுக்கலாம். தனி மடலில் நம் இலக்கண ஐயாவிடம் கேட்டேன். ‘திரள் என்பதைப் பெயராகக் கொண்டால் திரட்டடம் என்று வரும்’ என்றார். ஐயா, கடல்காற்று வீசும்போது மைக்கில் ‘திரட்டடம்’ என்று சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். எதிர்முனையில் இருந்தவர் ‘எந்த இடம்? ஓவர்’ என்றார். கைவிட்டேன்.

வழி கிடைத்தது வீட்டுத் திண்ணையில். என் மனைவி மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர். போன ஞாயிறு கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. நோட்டில் ‘சுழல்நிதி’ என்று தலைப்பிட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பணம் குழுவுடையது, யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. ஒருவர் வாங்குவார், கட்டுவார். கட்டியது அடுத்தவருக்குப் போகும். மருத்துவச் செலவு என்று ஒருவர் வந்தால் வரிசையைத் தள்ளிவைத்து அவருக்கு முதலில் கொடுப்பார்கள். பணத்தை எடுத்துவிட்டு அங்கே தடத்தை வைத்தால், அதுதானே டிரங்கிங்!

சுழல்தடம். சுழல்தட வயர்லெஸ். இதுதான் என் முன்மொழிவு.

செட் எப்படி நடந்துகொள்கிறது என்பதோடு இந்தச் சொல் பொருந்துகிறதா என்று பாருங்கள். டெட்ராவில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலையை நேரத்தால் நான்காகக் கூறுபோடுகிறார்கள். (இந்தக் கூறுக்குத் தோழி ஒருவர் தந்த ‘நேரத்துளி’ அருமை. ஒரு துளி 14 மில்லி நொடிக்குச் சற்றுக் கூடுதல். துளி என்ற சொல் அதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது, எடுத்துக்கொண்டேன்.) ஒரு கோபுர நிலையத்தின் முதல் துளியை வழக்கமாகக் கட்டுப்பாட்டுக்கு என்று வைத்துவிடுவார்கள். பேசாமல் இருக்கும் செட்டெல்லாம் அதையே கவனித்துக்கொண்டிருக்கும். நீங்கள் பொத்தானை அமுக்கியதும் செட் அதன் வழியே ‘எனக்கு ஒரு தடம்’ என்று கேட்கும். காலி இருந்தால் பீப் ஒலிக்கும், பேசலாம். இல்லையென்றால் வேறு ஒலி கேட்கும், பெயர் வரிசையில் நிற்கும். தடம் விடுபட்டதும் செட்டே கூப்பிடும். சிவப்புப் பொத்தான் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சைக்கூட வெட்டித் தடத்தை வாங்கிக் கொடுக்கும்படி அமைக்கலாம். கேட்பது, வாங்குவது, திருப்புவது, அவசரக்காரருக்கு முன்னுரிமை எல்லாமே சுழல்நிதியில் இருக்கின்றன.

சொல் ஆக்கத்துக்கு நேர்த் தொடர்பில்லை, ஆனாலும் கையேட்டில் நான் தனிப்பெட்டி கட்டிப் போடப்போகிற ஒன்று. பீப் கேட்குமுன் பேசினால் முதல் சொல் போய்விடும் என்று எல்லா ஆங்கிலக் கையேடும் எச்சரிக்கும். ஆங்கிலத்தில் ‘வேண்டாம்’ என்பது வாக்கியத்தின் முன்னால் நிற்கிறது, எனவே அது சரி. தமிழில் அது கடைசியில் வருகிறது. ‘வால்வைத் திறக்க வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே பொத்தானிலிருந்து விரலை எடுக்கிற பழக்கம் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு உண்டு. எதிர்முனைக்குப் போவது ‘வால்வைத் திறக்க’. இதை நேரிலேயே ஒருமுறை பார்த்திருக்கிறேன். நல்லவேளை, குழாயில் தண்ணீர்தான் இருந்தது. நமக்கு வால் முக்கியம். பேசி முடித்து ஒன்று எண்ணிவிட்டுத்தான் விரலை எடுக்க வேண்டும்.

சுழல்தடத்துக்கு வரக்கூடிய மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். சுழல் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சுற்றிவருவதாக நினைக்க மாட்டார்களா? நினைக்கலாம். சுழல்நிதியை அப்படி யாரும் நினைக்கவில்லை என்பது என் தைரியம். பேச்சின் நடுவே அலைவரிசை மாறிக்கொண்டே இருக்கும் ராணுவ செட்டுகளோடு குழம்பாதா? அதற்குத் தாவல் என்ற சொல்லை வைத்துக்கொள்வோம். தாவுவது வேறு, சுழல்வது வேறு. யாழ்ப்பாணத்து நண்பர் ‘சுழற்றடம்’ என்றுதானே வரும் என்பார், தெரியும். அங்கே செயற்றிட்டம் என்று எழுதுகிறார்கள், இங்கே செயல்திட்டம் என்று எழுதுகிறோம். இரண்டும் ஓடுகின்றன. அவர் சுழற்றடம் என்றே எழுதிக்கொள்ளட்டும், சண்டை வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோபுரமும் கணினியும் இல்லாமல் செட்டும் செட்டும் நேரே பேசிக்கொள்வதற்கு ஒருவர் ‘நேரலை’ என்று முன்மொழிந்திருந்தார். தொலைக்காட்சி அந்தச் சொல்லை எப்போதோ கொண்டுபோய்விட்டது. ‘நேரலைக்கு மாறவும்’ என்று எழுதினால் காவலர் கேமராவைத் தேடுவார்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயிலில் குண்டு வெடித்தபோது, உள்ளே இறங்கிய மீட்புப் படையினருக்கும் மேலே நின்றவர்களுக்கும் இடையே வயர்லெஸ் சரிவரக் கிடைக்கவில்லை. செய்தி சொல்ல ஆள் ஓட வேண்டியிருந்தது. 1987இல் 31 பேர் இறந்த கிங்ஸ் கிராஸ் நிலையத் தீ விபத்துக்குப் பிறகே சுரங்கத் தகவல்தொடர்பைச் சரிசெய்யச் சொல்லியிருந்தார்கள். அடித்தளத்திலும் சுரங்கத்திலும் கோபுரத்தின் அலை எட்டாதபோது நேரே பேசுவதுதான் கதி. ஆனால் நேரே பேசும்போது தடம் எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை, வரிசை இல்லை. இடையில் இணைப்புக் கருவி வைக்காவிட்டால் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும், கன்ட்ரோல் ரூமுக்குப் போகாது. கிரேன்காரர் காலத்துக்கே திரும்பிவிடுகிறோம். தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது பணியாளருக்குச் சொல்லிலேயே தெரிய வேண்டும். எனவே வலைவழி, நேர்வழி என்ற இணையை வைக்கிறேன். ‘நேர்வழியில் போ’ என்று யாராவது கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், நினைவில் நிற்கும்.

டாக்குரூப்புக்கு, அதாவது ஒருவர் பேசினால் சேர்ந்து கேட்கும் செட்டுகளின் குழுவுக்கு, வந்த ‘பேச்சுக்குழு’ எனக்கு ஒட்டவில்லை. செய்தித்தாள் படிப்பவருக்கு அது சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் குழு. ஒருவர் பேச நாற்பது பேர் கேட்கிற ஏற்பாட்டில் யார் கேட்கிறார்கள் என்பதுதானே குழுவை வரையறுக்கிறது? ‘கேள்குழு’ எப்படி? பழந்தமிழில் கேள் என்றால் உறவு என்றும் பொருள், அது கூடுதல் இலாபம். வற்புறுத்தவில்லை.

டெட்ராவை மட்டும் தொடாதீர்கள். தொடக்கத்தில் அந்தப் பெயரின் விரிவில் ஐரோப்பா இருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே பரவியதும், எழுத்து கெடாமல் அதற்குப் பதில் நிலத்தைக் குறிக்கும் சொல்லை நுழைத்துவிட்டார்கள். வைத்தவர்களே விரிவை மாற்றிக்கொண்ட பெயருக்கு நாம் ‘நிலத்தகத் தண்டுவழி வானொலி’ என்று மொழிபெயர்ப்பது வீண். அதேபோல வானொலி என்றால் நம் மக்களுக்குப் பாட்டுப் பெட்டிதான். காவலர்கள் மைக் என்கிறார்கள், வயர்லெஸ் என்கிறார்கள். நான் வயர்லெஸ் என்றே எழுதப்போகிறேன். தூய தமிழ்க் கட்சியார் மன்னிக்கவும்.

நேற்று, என்னிடம் பழகுநராக இருந்து இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் சுழல்தடம் என்று மட்டும் சொல்லி, விளக்கம் எதுவும் தராமல், என்ன புரிகிறது என்று கேட்டேன். சாலிடர் இரும்பைக் கீழே வைக்காமலே, ‘எங்கம்மா குழுவுல லோன் எடுக்கிற மாதிரியா சார்? பேசிட்டுத் திருப்பிக் கட்டணுமா?’ என்றான். பகிர்தடம் என்றதற்கு, ‘வாட்ஸாப்பா?’ என்றான்.

கையேடு இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அந்த முதல் துளிக்கு, அதாவது எல்லா செட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டுத் தடத்துக்கு, இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ஆணைத்தடம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஆணையிடுவதைவிட விண்ணப்பம் வாங்குவதுதான் அதிகம். யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்,
பழைய வயர்லெஸ்காரன்